'முகமதியர்' என்று பெயர் வைத்தது யார்?

இஸ்லாமியரைக் குறிக்க ஆங்கிலத்தில் புழங்கிய சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் ஓடும். 'மொகமதன்' என்பது வெள்ளைக்காரன் இழிவுபடுத்த வைத்த பெயர். முஸ்லிம்கள் அதை ஒருநாளும் ஏற்றதில்லை. 'முஸ்லிம்' என்ற சொல் நாகரிகம் கருதி அண்மையில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதோடு பழைய சொல் ஒழிந்தது. மேடையில் சொல்ல வசதியான கதைதான். ஆவணங்களைப் புரட்டினால் நான்கில் ஒன்றுகூட முழுதாக நிற்பதில்லை.

முதலில் இழிபெயர் என்ற பேச்சு. ஆங்கிலேயர் முஸ்லிம்களை முதலில் அழைத்தது 'சாரசன்' என்று. இஸ்லாம் தோன்றுவதற்கு 400 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அந்தப் பெயர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி அதை அரேபியப் பாலைவனத்து மக்களுக்குச் சொன்னார். அடுத்து 'டர்க்'. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில், புனித வெள்ளி மன்றாட்டில் முஸ்லிம்கள் துருக்கராகவே வருகிறார்கள். ஒருவன் மதம் மாறினால் 'துருக்கனாகிவிட்டான்' என்பது அந்நாளைய லண்டன் பேச்சு. மூன்றாவது 'மூர்'. வட ஆப்பிரிக்காவின் மௌரித்தானியாவில் பிறந்த இப்பெயரை ஸ்பெயின் முஸ்லிம்களுக்குச் சூட்டிய போர்ச்சுகீசியர், அதே பெயரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இந்தியக் கரைக்கும் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மக்களை மட்டுமல்ல, இந்துஸ்தானி மொழியையே 'மூர்ஸ்' என்றார்கள். 1772இல் ஜார்ஜ் ஹாட்லி எழுதிய இலக்கணத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

மூன்றும் இனப்பெயர் அல்லது நாட்டுப்பெயர். ஒரு சமயத்தாரை எங்கேயோ இருக்கும் ஓர் ஊர்க்காரராக மாற்றிவிடும் பெயர்கள். இவற்றோடு வைத்துப் பார்த்தால் 16ஆம் நூற்றாண்டில் பரவிய 'மஹோமெட்டன்' கொஞ்சம் மேல்: அது இனத்தைச் சொல்லாமல் சமயத்தைச் சொன்னது. வசையும் கூடவே இருந்தது, மறுப்பதற்கில்லை. நபியின் பெயரைச் சிதைத்து 'மஹவுண்ட்' என்ற பொய்த்தெய்வத்தை உருவாக்கி இடைக்கால நாடகங்களில் ஆடவிட்டவர்களும் ஆங்கிலேயரே. ஆனால் எல்லோரும் அந்த வகை அல்ல. 1734இல் குர்ஆனை அரபியிலிருந்து ஆங்கிலத்தில் தந்த ஜார்ஜ் சேல், இஸ்லாத்தின்மேல் காட்டிய பரிவுக்காகப் பாதி முஸ்லிம் என்றே வரலாற்றாசிரியர் கிப்பனிடம் பெயர் வாங்கினார். அவர் எழுதியதும் 'முகமதியர்' என்றுதான்.

இனப்பெயரைச் சமயப்பெயராக்கும் பழக்கத்தில் தமிழும் சளைத்ததல்ல. 'துருக்கர்', 'துலுக்கர்' இரண்டும் 'டர்க்' என்ற இனப்பெயரிலிருந்து வந்தவை. மரக்கலம் ஏறிய மரைக்காயருக்கும் துருக்கிக்கும் என்ன தொடர்பு? இன்று ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்ட் என்று தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வட்டாரத்துக்கே இதில் பங்குண்டு. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், டெல்லி அரண்மனையிலிருந்து செல்வப்பிள்ளை என்ற பெருமாள் சிலையை மீட்டு வந்தபோது பின்தொடர்ந்து வந்த சுல்தான் மகளை மேல்கோட்டையில் பீபி நாச்சியார் என்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இதே வகைக் கதையின் நாயகி துலுக்க நாச்சியார். பெருமாளுக்கு அங்கே ரொட்டி நைவேத்தியம். (ராமானுஜர் காலத்தில் டெல்லியில் சுல்தானே கிடையாது என்பது வேறு விஷயம்.) சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் துலுக்காணத்தம்மன் கோயில்கள் உண்டு. துலுக்காணம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் இந்துக்கள். இதில் வசை எங்கே இருக்கிறது?

அடுத்தது, முஸ்லிம்கள் அந்தச் சொல்லை ஏற்கவே இல்லை என்பது. நான்கில் மிகப் பலவீனமான பாகம் இதுதான். சர் சையத் அகமது கான் 1875இல் அலிகரில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மொகமதன் ஆங்கிலோ-ஓரியண்டல். 1886இல் அவர் கூட்டிய கல்வி மாநாட்டுக்கும் 'மொகமதன்' என்றே பெயர். 1877இல் கல்கத்தாவில் சையத் அமீர் அலி தொடங்கிய அரசியல் சங்கமும் அப்படித்தான். 1891இல் அதே நகரத்தில் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் குழு, 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணியானது. 1938 வரை ஐந்து ஆண்டுகள் கோப்பையை வேறு யாருக்கும் விடவில்லை. அந்த வெற்றிகளை ஊர் ஊராகக் கொண்டாடிய முஸ்லிம்கள் பெயரை மாற்றச் சொல்லவில்லை. 2024இல் அந்த அணி ஐ.எஸ்.எல். ஆட்டத்துக்கு வந்ததும் அதே பெயரோடுதான்.

சென்னையிலும் உதாரணங்கள் உண்டு, ஆனால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திருவல்லிக்கேணி முகமதன் பொது நூலகம் 1850இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் முயற்சியில் வந்தது. அரசு முகமதன் கல்லூரி பெயரிலேயே சர்க்காருடையது. அலிகரும் கல்கத்தாவும் அப்படியல்ல. அங்கே பெயர் வைத்தவர்களே முஸ்லிம்கள்.

ஏன் வைத்தார்கள்? சர் சையத்தின் இதழைப் பார்த்தால் புரியும். உருதுவில் அதன் பெயர் 'தஹ்ஸீபுல் அக்லாக்'. ஒழுக்கச் சீர்திருத்தம் என்று பொருள், நபியின் பெயர் அதில் இல்லை. அதே இதழின் ஆங்கிலப் பெயர் 'மொகமதன் சோஷியல் ரிஃபார்மர்'. வீட்டுக்குள் முசல்மான், சர்க்காரிடம் பேசும்போது மொகமதன். மனு எழுதுகிறவர் மனு வாங்குகிறவரின் அகராதியைக் கையில் எடுத்தார், அவ்வளவுதான். அடிமைப்புத்தி என்று இதைத் தள்ளுவது, அந்தத் தலைமுறையின் சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பிடுவது.

இலங்கையில் கதை இன்னும் முறுக்கேறியது. போர்ச்சுகீசியர் வைத்த 'மூர்' என்ற பெயரை அங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்கள் உதறவில்லை. அதையே அரணாகக் கட்டிக்கொண்டார்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், மூர்கள் இனத்தால் தமிழரே என்று கட்டுரை எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார்: நாங்கள் மூர்கள், தனி இனம் என்று. மறுபக்கம், மலாயரான டி.பி. ஜாயா 'முஸ்லிம்' என்ற பொதுப்பெயரின் பக்கம் நின்றார். மூர் என்றால் மலாயருக்கு அதில் இடமில்லையே. குடிமதிப்பில் இன்றும் 'இலங்கை மூர்' தனி இனம், தமிழில் 'இலங்கைச் சோனகர்'. 2012 கணக்கில் அவர்கள் நாட்டு மக்கள்தொகையில் 9 விழுக்காட்டுக்கு மேல்.

மூன்றாவது, 'முஸ்லிம்' அண்மைக்கால நாகரிகம் என்பது. ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லின் முதல் பதிவை 1615 வாக்கில் காட்டுகின்றன. நானூறு ஆண்டுப் பழசு. அது 'மொகமதன்' இருந்த நாற்காலியில் எப்போது உட்கார்ந்தது என்று கேட்டால், டிசம்பர் 1906, டாக்கா என்று ஏறக்குறைய தேதியே சொல்லலாம். மொகமதன் கல்வி மாநாட்டுக்கு அங்கே கூடியவர்கள், அதே கூட்டத்தில் ஓர் அரசியல் கட்சி தொடங்கினார்கள். பெயர் அகில இந்திய முஸ்லிம் லீக். 1920இல் அலிகர் கல்லூரி பல்கலைக்கழகமானபோது அதுவும் 'முஸ்லிம்' ஆயிற்று. ஆங்கிலேயன் நாகரிகம் கற்றுக்கொண்டு பெயரை மாற்றவில்லை. பெயருக்கு உரியவர்களே மாற்றினார்கள். லண்டன்தான் பின்தங்கியது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது தொகுதிகள் இன்னும் 'முகமதன்' தொகுதிகளே. இரண்டே ஆண்டில் இந்தியாவின் மத்திய சட்டசபை இயற்றிய ஷரியத் சட்டத்தின் பெயரோ 'முஸ்லிம்' தனிநபர் சட்டம்.

இங்கே ஒரு வேடிக்கை. மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 1920இல் தேர்தல் நடந்தபோது, பொதுத் தொகுதிகளின் பெயர் 'முகமதன் அல்லாதார்' தொகுதி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து இந்துக் குடியானவர் ஓட்டுப் போட்டது முகமதன் அல்லாதவராக.

மாற்றத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கிறிஸ்துவை வணங்குகிறவர் கிறிஸ்தவர் என்ற அச்சில் வார்த்த சொல் 'மொகமதன்'. முஸ்லிம்கள் நபியை வணங்குவதில்லை. அந்த ஆட்சேபம் சரி. இஸ்லாமியவியல் அறிஞர் எச்.ஏ.ஆர். கிப் 1949இல் தம் நூலுக்கு 'மொகமதனிசம்' என்று தலைப்பிட்டபோதே அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பாடு அதே நூல் 'இஸ்லாம்' என்ற தலைப்பில் வந்தது. அண்மையில் நடந்தது என்று சொல்லத்தக்கது ஒன்றே: பத்திரிகைகள் 'மொஸ்லெம்' என்ற எழுத்துமுறையை விட்டு 'முஸ்லிம்' என்பதற்கு வந்தது.

கடைசியாக, பழைய சொல் ஒழிந்துவிட்டது என்பது.  காஜிகளை நியமிக்கும் 1880ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் 'முகமதன்' இன்றும் இருக்கிறது. மாறாக, தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் வந்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டுப் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என ஏழு இனங்கள். முகமதியர் என்ற பேச்சே அதில் கிடையாது.

காசு விஷயத்தில் அந்தச் சொல் எப்படி உயிரோடிருக்கிறது என்று பார்க்க ஒரகடம் நல்ல இடம். 1990களில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் பத்திரம்தான் உயிர். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 123ஆம் பிரிவில், அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவு கட்டாயம் என்கிறது. 129ஆம் பிரிவு விலக்குத் தருகிறது: 'முகமதன் சட்டத்தின்' எந்த விதியையும் இது பாதிக்காது. ஒரகடத்தில் ஒரு முஸ்லிம் தகப்பனார் தம் மகளுக்கு அரை ஏக்கரை ஹிபாவாக, அதாவது இஸ்லாமியச் சட்டப்படியான தானமாக, கொடுத்தால், கொடுத்தேன் என்று அவர் சொல்லி, மகள் ஏற்று, நிலம் அவள் அனுபோகத்துக்கு வந்தால் போதும். சார்பதிவாளர் அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. அதை எழுத்தில் வைத்தால்கூடப் பதிவு கட்டாயமில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வங்கிக் கடனுக்குப் பதிவுப் பத்திரம் இருப்பதே வசதி என்பதால் பதிந்துவைக்கிறவர்களும் உண்டு. பதியாத ஹிபா வழக்காகிவிட்டால் வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டுவது 129ஆம் பிரிவை. அடுத்துப் புரட்டுவது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பதிப்புமேல் பதிப்பாக வரும் முல்லாவின் 'மஹோமெடன் சட்டக் கோட்பாடுகள்' நூலை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தின்ஷா ஃபர்துன்ஜி முல்லா ஒரு பார்சி.