ஞாயிற்றுக்கிழமை லேபில் எடுத்த படம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைதியாக இருக்கிறது. டேவிட் நாட்லிங்கர் என்ற முனைவர் பட்ட மாணவர் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். அவர் படம் எடுக்கப் போனது ஒரே ஓர் அணுவை.

அந்தப் படம் 2018 பிப்ரவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். கறுப்புப் பின்னணி. இருபுறமிருந்தும் ஊசிமுனைபோல் நீண்டு வரும் இரண்டு உலோக மின்முனைகள். இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த இடைவெளியின் மையத்தில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற ஒரு நீலப் புள்ளி. அதுதான் ஸ்ட்ரான்சியம் அணு. ஓர் எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்றிருப்பதால், மின்புலத்தால் அதை அந்தரத்தில் பிடித்து நிறுத்த முடிகிறது. சுற்றிலும் காற்றே இல்லாத அளவுக்கு உறிஞ்சி எடுக்கப்பட்ட வெற்றிடக் கலம். அதன் கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. கேமராவும் அதிசயக் கருவி இல்லை. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்குமே, அந்த வகைதான்.

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஸ்ட்ரான்சியம் அணுக்களை வரிசையாக அடுக்கினால் இருபது லட்சத்துக்கு மேல் அடுக்கலாம். அவ்வளவு சிறியது எப்படிச் சாதாரணக் கேமராவில் விழும்? நீலமும் ஊதாவும் கலந்த லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். அணு அந்த ஒளியை விழுங்கி உமிழ்கிறது, மறுபடி விழுங்கி உமிழ்கிறது. ஒரு நொடிக்குள் எண்ணற்ற முறை. கேமராவின் கண்ணைச் சற்று நேரம் திறந்தே வைத்தால், அந்த ஒளியெல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியாகப் பதிகிறது. நாம் பார்ப்பது அணுவின் உருவம் இல்லை, அது உமிழ்ந்த வெளிச்சம். தொலைவில் மலைமேல் எரியும் தீபத்தைப் பார்க்கும்போது நமக்குத் திரியா தெரிகிறது?

தனி அணுவைப் படம் பிடித்ததில் இது முதலாவதும் இல்லை. 1980-லேயே ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஒரு பேரியம் அணுவைப் பிடித்து நிறுத்திப் படமெடுத்துவிட்டார்கள். இப்படிச் சிறைப்பிடிக்கும் பொறியை உருவாக்கிய வொல்ஃப்காங் பாலுக்கும் ஹான்ஸ் டெமெல்ட்டுக்கும் 1989-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனாலும் நாட்லிங்கரின் படம்தான் சாதாரண மக்களிடம் போய்ச் சேர்ந்தது. காரணம் ஒரு போட்டி. பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் அறிவியல் ஆய்வு மன்றம் தன்னிடம் நிதியுதவி பெறும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் நடத்திய அறிவியல் புகைப்படப் போட்டியில் அது முதல் பரிசு பெற்றது. போட்டி இல்லாதிருந்தால் அந்தப் புள்ளி அவருடைய கணினியில் ஒரு கோப்பாகவே இருந்திருக்கும்.

எனக்கு இந்தப் படத்தில் அணுவைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது.

என் தங்கை மகள் சென்னையில் செல் உயிரியலில் ஆய்வு செய்கிறாள். நான்காவது ஆண்டு. வீட்டு விசேஷம் எதற்கும் முழுதாக இருக்க மாட்டாள். போன மாதம் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். சனிக்கிழமை இரவே பஸ் ஏறக் கிளம்பிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைகூடவா லேபு?" என்று என் அம்மா கேட்டார். "மீடியா மாத்தணும் பாட்டி. இல்லேன்னா செல்லெல்லாம் செத்துப் போயிடும்" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. செல்கள் வளரும் சத்துநீரைத்தான் மீடியா என்கிறாள் என்பது, உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

பஸ் நிலையத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். காத்திருந்த நேரத்தில், "நீ பார்க்கிற வேலையில ஒரு படம் காட்டேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். இருட்டில் நீல நீலமாக முட்டை வடிவங்கள். அவற்றைச் சுற்றிப் பச்சை நூல்கள், நார் உரித்துக் காயப்போட்டதுபோல. "நீலமா இருக்கிறதெல்லாம் நியூக்ளியஸ், மாமா. டி.என்.ஏ.வுல போய் ஒட்டிக்கிற சாயம் போட்டிருக்கேன். பச்சை, செல்லோட எலும்புக்கூடு மாதிரி. இந்த ஒரு படத்துக்காக மூணு வாரம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாலு வருஷமா எல்லாரும் எப்ப முடிப்பேன்னுதான் கேட்கிறாங்க. என்ன பண்றேன்னு யாரும் கேட்டதில்ல, மாமா."

அந்த வாக்கியம்தான் இந்த வாரம் என்னை இதை எழுத வைத்தது.

அவள் காட்டிய நீலம் டி.என்.ஏ. அதைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற புகைப்படமும் ஒரு மாணவர் எடுத்ததுதான். 1952 மே மாதம், லண்டன் கிங்ஸ் கல்லூரி. ரேமண்ட் கோஸ்லிங், வயது 25, முனைவர் பட்ட மாணவர். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அவருடைய கைடு. டி.என்.ஏ. இழை ஒன்றை ஈரப்பதம் குறையாமல் வைத்து, 60 மணி நேரத்துக்கும் மேலாக எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அந்தப் படத்தை எடுத்தார்கள். 51 என்ற எண்ணிட்ட படம். நடுவில் கறுப்புப் பட்டைகளால் ஆன ஒரு பெருக்கல் குறி. 1953 ஜனவரியில் அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் அதை, டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்ததும் வாட்சனுக்கு அது சுருள் வடிவம் என்று புரிந்தது. ஃபிராங்க்ளின் 1958-இல், 37 வயதில் இறந்தார். 1962-இல் வாட்சன், அவரோடு சேர்ந்து டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்த கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பெற்றார்கள்.

ஃபிராங்க்ளினுக்கு இழைக்கப்பட்ட அநீதியை இன்று எல்லோரும் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அநீதியைச் சொல்லும் கட்டுரைகளில்கூட, படத்தை எடுத்த மாணவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். 'ஃபிராங்க்ளினின் புகைப்படம்' என்றே பெரும்பாலும் இருக்கும். பெயர் பறிபோன கதையைச் சொல்லும்போதே இன்னொரு பெயர் விட்டுப்போகிறது. இத்தனைக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் அந்தப் படம் வந்த கட்டுரையில் ஃபிராங்க்ளின், கோஸ்லிங் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன.

மாணவர் பெயர் விட்டுப்போன படம் இன்னொன்றும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் போடும் கறுப்பு டி-ஷர்ட் ஒன்றில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 1979-இல் ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில இசைக்குழு வெளியிட்ட ஆல்பத்தின் அட்டைப்படம் அது. அந்தக் கோடுகள் ஒரு விண்மீனின் துடிப்புகள். ஹரால்டு கிராஃப்ட் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1970-இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வரைந்தது. அந்தத் துடிக்கும் விண்மீனை 1967-இல் முதலில் கவனித்தவரும் ஒரு மாணவிதான், ஜோசலின் பெல். நாளுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வரைபடக் காகிதத்தைக் கண்ணால் அலசி, ஓர் ஓரத்தில் தெரிந்த சின்னக் கிறுக்கலை அலட்சியம் செய்யாமல் நின்றவர். 1974-இல் நோபல் அவருடைய கைடுக்குப் போனது. கிராஃப்டின் கதை இன்னும் விசித்திரம். தன் படம் ஆல்பத்தின் அட்டையில் வந்திருப்பதே அவருக்குப் பல ஆண்டுகள் தெரியாது. சக ஊழியர் ஒருவர் சொல்லி, கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஆல்பத்தை வாங்கிப் பார்த்தார்.

மாணவி கண்டுபிடித்த விண்மீன், மாணவர் வரைந்த படம். டி-ஷர்ட்டில் இருவர் பெயரும் இல்லை.

இளம் ஆய்வாளர்களுக்கான படப் போட்டிகளை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். ஆய்வுக் கட்டுரையில் பெயர்கள் வரிசையாக வரும். பல துறைகளில் கடைசிப் பெயர் கைடுடையது, உலகம் நினைவில் வைப்பதும் அதைத்தான். படப் போட்டியில் படத்தின்கீழ் ஒரே பெயர். கண்விழித்தவர் பெயர், குளிரில் நின்றவர் பெயர். 2025-இல் நேச்சர் இதழ், பணியில் இருக்கும் விஞ்ஞானிகளைப் பற்றி நடத்திய போட்டியில் முதலிடம் பெற்ற படத்தைப் பாருங்கள். வடக்கு நார்வேயின் கடல் இடுக்கு. மீன்பிடிக் கப்பலைச் சுற்றிக் கடற்பறவைகள் மொய்க்கின்றன. படகின் முனையில் ஆடுன் ரிகார்ட்சன் என்ற மூத்த உயிரியலாளர், திமிங்கிலத்தின் உடலில் தடங்காட்டும் கருவியைச் செலுத்துகிற காற்றுத் துப்பாக்கியோடு நிற்கிறார். படத்தை எடுத்தவர் எம்மா வோகல், டிராம்சோ பல்கலைக்கழக ஆய்வு மாணவி. பேராசிரியர் படத்துக்குள் இருக்கிறார், மாணவியின் பெயர் படத்தின்கீழ் இருக்கிறது. இப்படி ஒரு வரிசை வேறெங்கே கிடைக்கும்?

சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய படப் போட்டி இதைச் சரியாகச் செய்தது என்பது என் எண்ணம். ஆய்வுப் பொருள், ஆய்வு செய்யும் மனிதர்கள், இடமும் கருவியும் என்று தனித்தனிப் பிரிவுகள் வைத்தார்கள். நுண்ணோக்கியில் தெரியும் அழகு மட்டும் ஆய்வு ஆகாது. சேற்றில் புதைந்த காலும், ஒட்டுப்போட்ட வயரும், இரவு இரண்டு மணிக்குத் தரையில் படுத்திருக்கும் மாணவியும் ஆய்வுதான் என்று அந்தப் பிரிவுகள் சொல்கின்றன. பரிசுபெற்ற படங்களை பீல் நகரப் புகைப்படத் திருவிழாவில், கலைஞர்களின் படங்களோடு வைத்தார்கள். கண்காட்சிக்கு வந்த கடைக்காரரும் பள்ளிக் குழந்தையும் அவற்றின் முன்னால் நின்றார்கள்.

இதெல்லாம் அழகுப் போட்டிதானே, இதற்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுக்குச் செலவிட வேண்டிய நேரத்தைப் படத்துக்குச் செலவிடுவதா என்று கடிந்துகொள்ளும் கைடுகளும் உண்டு. அழகான படம் நல்ல ஆய்வுக்குச் சான்று ஆகாது என்பதை நானும் ஏற்கிறேன். நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் வேண்டாததை வெட்டி எறிவதும் பெரிய ஆபத்து. எங்கே சாயம் போட்டோம், எந்த நிறம் கணினி கொடுத்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதைச் சொல்லவைப்பதும் இந்தப் போட்டிகள்தான். பெரும்பாலானவற்றில் படத்தோடு நாலு வரி விளக்கமும் எழுதித் தர வேண்டும், துறைக்கு வெளியே உள்ளவர் புரிந்துகொள்ளும்படி. அந்த நாலு வரி எழுதுவது எவ்வளவு கடினம் என்று எழுதியவர்களைக் கேளுங்கள். நாலு வருடம் செய்த வேலையைத் தன் பாட்டிக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு, தான் எதற்காக அதைச் செய்கிறோம் என்பதும் தெளிவாகிவிடும். அது ஆய்வுக்கு வெளியே நடக்கும் காரியம் என்று நான் நினைக்கவில்லை.

நம் நாட்டில் எழுத்துக்கு இப்படியொரு வாசல் திறந்தார்கள். 2018-இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 'அவ்சார்' என்ற பெயரில், முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆய்வை எளிய நடையில் கட்டுரையாக எழுதப் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. அதே அக்கறை படத்துக்கும் வேண்டும். பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஒருமுறை தன் ஆய்வு மாணவர்களிடம் ஆளுக்கொரு படமும், தமிழில் நாலு வரியும் கேட்கலாம். அவற்றைத் துணைவேந்தர் அறைச் சுவரில் மாட்டாமல், அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் மாட்ட வேண்டும். கீழே மாணவரின் பெயர் மட்டும். வரிப்பணம் கொடுத்த மக்கள் நின்று பார்க்கட்டும். பெற்றவர்கள், "இது எங்க பொண்ணு எடுத்த படம்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லட்டும்.

அதுவரை நம் வீட்டளவில் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஆய்வு செய்கிற பிள்ளை ஒருவர் இருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது எப்போது முடிப்பாய், எப்போது வேலைக்குப் போவாய், எப்போது கல்யாணம் என்று கேட்காதீர்கள். கைப்பேசியில் அவர்கள் வேலையின் படம் ஒன்றாவது இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நான் அந்த நீலப் படத்தை வாங்கி, அச்சுப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறேன். கீழே தங்கை மகளின் பெயர் இருக்கிறது. வருகிறவர்களிடம் அம்மா, "இது செல்லு. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலேன்னா செத்துப் போயிடும்" என்று சொல்கிறார்.