ஆங்கில வினையும் அதிலிருந்து பிறக்கும் பெயரும்

நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையில், தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிலைத்துவிட்ட அப்பியாசம் ஒன்று உண்டென்றால், அது வினைச்சொற்களை மூன்று பத்திகளாக எழுதிக்கொண்டு, 'கோ, வென்ட், கான்' என்றும் 'ஸிங், ஸேங், ஸங்' என்றும் மாணவர்கள் ஒரே குரலில் ஒப்பிப்பதுதான். அந்த மனப்பாடத்தை நான் நிந்திக்க வரவில்லை. 'வெண்ட்' என்ற வேறொரு வினையிடமிருந்து 'கோ' தன் இறந்தகாலத்தை இரவல் வாங்கிக்கொண்டிருக்கும் பாஷையில், ஞாபகசக்தியை நம்பாமல் தீராது. ஆனால் மூன்றாம் பத்தியோடு பாடத்தை முடித்துவிட்டு, அதே வினையிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொல்லை வேறொரு நாளில், வேறொரு தலைப்பின்கீழ், இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை உணர்த்தாமலே கற்பிக்கிறோமே, அதைத்தான் பெருங்குறை என்று கருதுகிறேன்.

இந்த விஷயத்தில் தமிழ் மாணவனுக்கு இயல்பாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது. 'கெடு' என்பது 'கேடு' ஆவதையும் 'சுடு' என்பது 'சூடு' ஆவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று அவன் தமிழ் வகுப்பிலே படித்திருக்கிறான். 'ஸிங்' என்ற வினை உயிரொலி மாறி 'ஸாங்' ஆவதும், 'ஸ்ட்ரைக்' என்பது 'ஸ்ட்ரோக்' ஆவதும் ஏறக்குறைய அதே வழியில்தான். குதிரையேறிச் செல்வதைக் குறிக்கும் 'ரைடு' என்ற வினையோடு ஒரே வேரில் பிறந்த 'ரோடு', பழைய ஆங்கிலத்தில் சவாரியையே குறித்து, வெகுகாலத்துக்குப் பின்னரே பாதை என்ற பொருளுக்கு வந்தது. அதே சொல் ஸ்காட்லாந்தில் 'ரெய்டு' என்று உருக்கொண்டு, குதிரைமேல் வந்து கொள்ளையிடுவதைக் குறித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்ட்டர் ஸ்காட்டின் எழுத்துக்களால் பொதுவழக்கில் பரவியது. வருமானவரி ரெய்டு என்று நாள்தோறும் பத்திரிகையில் படிக்கும் நமக்கு, அந்த ரெய்டும் வாசலில் கிடக்கும் ரோடும் உடன்பிறந்தவை என்று தெரிந்தால் ஏற்படும் சந்தோஷம், எந்த அட்டவணையை ஒப்பித்தாலும் ஏற்படாது.

'அடி', 'உதை' என்பவை நமக்கு வினையாகவும் பெயராகவும் நிற்பதுபோல ஆங்கிலேயருக்கு 'வாக்', 'கிக்' நிற்கின்றன. 'பெர்மிட்', 'ரிகார்டு' போன்றவற்றிலோ எழுத்து மாறாது. பெயரானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். இதை வாய்திறந்து சொல்லிக் காட்டும் உபாத்தியாயர் கிடைத்த மாணவன் பாக்கியசாலி.

உண்மையான சிரமம் விகுதிகளில்தான் தொடங்குகிறது. 'குரோ' என்பதிலிருந்து 'குரோத்' என்றும், 'ஸ்டீல்' என்பதிலிருந்து 'ஸ்டெல்த்' என்றும் பெயராக்கும் பாஷை, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்து சேரவே, அவற்றின் விகுதிகளையும் சேர்த்துச் சுவீகரித்துக்கொண்டது. ஆகையால்தான் 'அக்ரீ' என்பதற்கு 'அக்ரிமென்ட்', 'அக்ஸெப்ட்' என்பதற்கு 'அக்ஸெப்டன்ஸ்', 'ரெஃப்யூஸ்' என்பதற்கு 'ரெஃப்யூஸல்' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வால் தரித்து நிற்கின்றன. எதற்கு எது என்று முன்கூட்டிச் சொல்லும் விதி கிடையாது. 'கமிட்' என்ற ஒரே வினை மூன்று விகுதிகளை ஏற்று, வாக்குறுதியைக் குறிக்கும்போது 'கமிட்மென்ட்' என்றும், கைதியைச் சிறைக்கு அனுப்பும்போது 'கமிட்டல்' என்றும், விசாரணைக்கு நியமித்த குழுவைக் குறிக்கும்போது 'கமிஷன்' என்றும் வெவ்வேறு அர்த்தம் தருகிறது. விகுதி மாறினால் பொருளே மாறிவிடும் இத்தகைய சொற்களை, வினையோடு சேர்த்து வாக்கியத்தில் வைத்துக் காட்டாமல், தனித்தனியே உருப்போடச் சொல்வது குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி.

பாடநூல் எழுதுவோரிடம் நான் வேண்டுவது பெரிய காரியமன்று. அந்த மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் பெயர்ச்சொல்லுக்கென்று நான்காவது பத்தி ஒன்று சேருங்கள். அதைக் கற்பிக்கும் ஆங்கில உபாத்தியாயர், தொழிற்பெயர்ப் பாடம் நடத்தும் தமிழாசிரியரோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசட்டும்.