உப்புக் காற்றும் நெற்குதிரும்



விளைவித்தல் உழவன் கடன். விளைந்ததைக் காத்தல் யார் கடன்? 2025 அக்தோபரில் காவிரிப் படுகையின் கொள்முதல் நிலையங்களிலே நெற்குவியல்கள் மழையில் நனைந்து முளைவிட்டன. 17 விழுக்காட்டு ஈர வரம்பை 22 ஆக்குக என நடுவணரசிடம் கையேந்தியது தமிழக அரசு. அத்தளர்வு கிடைப்பினும் உழவனுக்கு அது அன்றைய ஆறுதலே. நெல்லுக்கோ அது காப்பன்று.

காக்க அறியாத இனமா நாம்? பழனியை அடுத்த பொருந்தலில் ஈமக்குழிக் கலமொன்றில் கிடைத்த நெல் கி.மு. 490 அளவினதென ஆய்வில் அறியப்பட்டது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், 3,000 கலம் நெல் கொள்ளும் நாயக்கர் காலச் செங்கற் களஞ்சியம் இன்றும் நிற்கின்றது. சிற்றூர்களில் குதிரும் குலுக்கையும் இருந்தன. அவற்றை உடைத்தெறிந்து தகரப் பேழை வாங்கினோம். தகரம் பகலிற் கொதித்து, இரவிற் குளிர்ந்து, உள்ளே வியர்க்கும். அவ்வியர்வையே பூஞ்சணத்தை வளர்க்கும். வைக்கோல் குழைத்த களிமண் சுவரோ வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும்.

மரக்காணத்து உப்பளக் கரையில் இத்தொல்லை இருமடங்கு. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு கசியும். அதே காற்றில் திறந்து கிடக்கும் நெல்லும் ஈரம் உறிஞ்சி, கெடத் தொடங்கும் எல்லையாகிய 14 விழுக்காட்டைத் தாண்டும். எனவே உப்பே நமக்கு அளவுகோல்! உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் நெல்லோடு உலர் உப்பைச் சிறிதிட்டுக் குலுக்குக. உப்பு குப்பியில் ஒட்டினால் நெல் இன்னும் காயவில்லை. காய்ந்த நெல்லை, உவர்நிலத்து ஈரம் ஏறாத கல்மேடையில், கூரை நிழலின்கீழ், வாயை மெழுகி அடைத்த குதிரிலே வைத்தல் வேண்டும்.

அக்கரைக்கு அணித்தே 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், அழுத்திய மண்கட்டிகளால் கட்டடம் எழுப்பும் கலை பன்னாட்டார்க்கும் கற்பிக்கப்படுகின்றது. நம் மண்ணின் அருமையை அயலார் வந்து நமக்கு உணர்த்த வேண்டியதாயிற்று! அக்கலையைக் கொண்டு அண்டைச் சிற்றூர்களில் ஊருக்கொரு களஞ்சியம் எழுப்புவதற்குத் தடையென்ன?

பொருளோடு சொல்லையும் தொலைத்தோம். 'குடோன்' என்கின்றோமே, அது தென்மொழிகளின் 'கிடங்கு' கடல்கடந்து திரிந்த வடிவமென்று அறிஞர் பலர் கூறுவர். நம் சொல்லையே ஆங்கிலமென்று இரந்து வாங்கினோம். நம் குதிரையும் நாளை அயலாரிடம் விலைக்கு வாங்குவோமோ?

சட்டமன்றத்தில் கேளுங்கள், ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். குதிர் என்ற சொல் வாழ வேண்டுமாயின், நெல் நிறைந்த குதிர் வாழ வேண்டும்!