முனைவர் பட்டத்துக்குப் பின் யார் துணை?

மலாக்காவில் ஒரு தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை முனைவர் பட்டம் பெற்றால் வட்டாரமே மகிழ்கிறது. கோயில் திருவிழாவில் மாலை போடுகிறோம். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்துவிட்டால், இனி அவருக்கு என்ன குறை என்று நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி சற்று அவசரமானது. ஒரு கல்வியாளரின் வாழ்க்கையில் மிகவும் தடுமாற வைக்கும் காலம், வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் முதல் ஐந்தாறு ஆண்டுகள்தான். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே அவர் எவ்வளவு தூரம் போவார் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 1996 இல் தொடங்கிய பல்ஊடகப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஆயர் குரோவில் இருக்கிறது. 2000 இல் தொடங்கப்பட்ட மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்காலில் இருக்கிறது. ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தொலைவில் இவை உள்ளன. நம் பிள்ளைகள் அங்கே மாணவர்களாக மட்டுமின்றி, கற்பிப்பவர்களாகவும் போகக்கூடிய காலம் இது.

முதலில், இளம் விரிவுரையாளரிடம் என்னென்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று பார்ப்போம். பாடம் நடத்துவது அவருடைய வேலையில் ஒரு பங்குதான். ஆய்வு செய்ய வேண்டும்; அந்த ஆய்வைத் தரவரிசைப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் வெளியிட வேண்டும். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நிதி போன்றவற்றுக்குப் போட்டியிட்டு நிதி பெற வேண்டும். முதுநிலை மாணவர்களை மேற்பார்வையிட வேண்டும். இவற்றோடு குழுக் கூட்டங்கள், தேர்வுப் பணி, மாணவர் முகாம், தர மதிப்பீட்டுக் கோப்புகள். பொதுப் பல்கலைக்கழகத்தில் என்றால் பணி உறுதி பெறுவதற்கு முன் தகுதிகாண் காலம் உண்டு. ஆண்டுதோறும் பணி மதிப்பீடும் உண்டு. விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நிபந்தனைகள் இருக்கின்றன.

நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தில் இல்லாதவைதாம் ஆளைத் திணறடிக்கின்றன. எந்த ஆய்விதழ் நம்பத்தக்கது, எது பணம் பறிப்பது? மறுக்கப்பட்டுத் திரும்பி வந்த கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்புவதா, வேறிடம் அனுப்புவதா? எந்தக் குழுவில் சேர்ந்தால் பயன், எந்தக் குழு நேரத்தை விழுங்கும்? மேலதிகாரி கேட்கும் கூடுதல் வேலையை மனம் புண்படாமல் எப்படி மறுப்பது? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இவை சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்திருக்கும். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் அம்மா தொழிற்சாலையிலும் வேலை செய்த வீட்டிலிருந்து வந்தவருக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அது அந்தப் பெற்றோரின் குறை ஆகாது. அவர்கள் ஏறிவராத படிக்கட்டு அது.

1890களில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட காலம்முதல் மலாக்காத் தோட்டங்கள் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. பால்மரம் சீவும்போது கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு மறுபட்டை மேடுபள்ளமாக வளரும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். சரியான ஆழம் எது என்பதைப் பெரட்டில் நின்று கேட்டுக் கற்க முடியாது. கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று, புதியவரின் கையைப் பார்த்துத் திருத்த வேண்டும். கல்வித் தொழிலும் இப்படிக் கைக்குக் கை மாறி வருவதுதான்.

இங்கே மூன்று பேரைப் பிரித்து அறிவது நல்லது. நாம் மூவரையும் ‘வழிகாட்டி’ என்ற ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். முதலாமவர் ஆய்வு மேற்பார்வையாளர். அவருடைய பொறுப்பு ஆய்வேடு. பட்டம் கிடைத்ததும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. இரண்டாமவர் பயிற்றுநர். ஒரு குறிப்பிட்ட திறனை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் வளர்க்க உதவுபவர். நிதி விண்ணப்பம் எழுதுவதற்கோ, பெரிய வகுப்பைச் சமாளிப்பதற்கோ பயிற்றுநர் போதும். அவர் பெரும்பாலும் கேள்வி கேட்பார். விடையை நம்மிடமிருந்தே வரவழைப்பார். மூன்றாமவர்தான் உண்மையான வழிகாட்டி. அவர் ஒரு வேலையைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். ஐந்தாண்டுகள் கழித்து இவர் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கிறார்.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1985 இல் வெளியிட்ட நூலில் வழிகாட்டியின் பணிகளை இரு வகையாகப் பிரித்தார். ஒன்று தொழில் சார்ந்தது: வாய்ப்புக்குப் பரிந்துரைப்பது, பிறர் கண்ணில் படவைப்பது, சவாலான வேலை தருவது, தேவையற்ற தாக்குதலிலிருந்து காப்பது. மற்றது மனம் சார்ந்தது: முன்மாதிரியாக நிற்பது, ஏற்றுக்கொள்வது, ஆலோசனை சொல்வது, நட்புப் பாராட்டுவது. நம் சமூகத்தில் இரண்டாவது வகைக்குக் குறைவில்லை. தட்டிக்கொடுக்கும் ஐயாக்களும் அம்மாக்களும் நிறையவே இருக்கிறார்கள். முதல் வகையில்தான் பற்றாக்குறை. இளம் விரிவுரையாளரின் கட்டுரை வரைவை வரிவரியாகப் படித்துக் குறை சொல்பவரும், ஆய்வுக் குழுவில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பேசுபவரும் அரிது.

ஆனாலும் வழிகாட்டும் மரபு நமக்குப் புதிதில்லை. 1961 இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்தினார். உலக அறிஞர்களைத் தேடிக் கப்பலேற வசதியில்லாத உள்ளூர் இளம் ஆய்வாளர்களின் வாசலுக்கே அந்த அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். கிராம் சொல்லும் ‘கண்ணில் படவைப்பது’ என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அதே மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று விரிவுரையாளர் தம்பிராஜா 1982 இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்குப் பின்னால் வரும் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை அது நாடெங்கும் பரப்பியது. ஒரு படி ஏறியவர் கீழ்ப்படியில் நிற்பவருக்குக் கை கொடுக்கும் அந்தப் பழக்கம் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளோடு நின்றுவிடக் கூடாது. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் அது தொடர வேண்டும்.

எப்படித் தொடர்வது? முதலாவதாக, வழிகாட்டி என்பவர் பணி மதிப்பீட்டில் கையெழுத்திடும் துறைத் தலைவராக இருக்கக் கூடாது. மதிப்பெண் போடுபவரிடம் யாரும் தன் பலவீனத்தைச் சொல்ல மாட்டார். இரண்டாவதாக, ஒருவர் போதாது. துறை நுணுக்கத்துக்கு ஒருவர், நிறுவன நடைமுறைக்கு வேறொருவர் என்று இருவராவது தேவை. அவர்கள் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலாய், சீனப் பேராசிரியர்களிடமும் தயங்காமல் கேட்கலாம். மூன்றாவதாக, சந்திப்புக்கு நாளும் நோக்கமும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்ற அன்பான அழைப்பைக் கூச்சமுள்ள இளைஞர் பயன்படுத்தமாட்டார். மாதம் ஒரு முறை என்று நாள் குறித்தால் வருவார். நான்காவதாக, எழுத்துப் பழக்கம். புதிய விரிவுரையாளர்களை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் பாய்ஸ் வலியுறுத்தியது, விடுமுறைக்காகக் காத்திருந்து மொத்தமாக எழுதுவதைவிட அன்றாடம் சிறிது நேரம் எழுதுவதே பலன் தரும் என்பதை. அந்தச் சிறிது நேரம் தவறாமல் நடக்கிறதா என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும்.

‘எங்களுக்கு யார் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், நாங்கள் வரவில்லையா’ என்று மூத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் அவர்களோடு புறப்பட்டு வழியில் நின்றுபோனவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நியமனத்திலும் பதவி உயர்விலும் நியாயம் இல்லாவிட்டால் வழிகாட்டல் என்ன செய்யும் என்ற கேள்வியும் எழும். அது நேர்மையான கேள்வி. நியாயமான முறைக்காகக் குரல் கொடுப்பதற்கு வழிகாட்டல் மாற்றாகாது. எனினும் கதவு திறக்கும் நாளில் உள்ளே நுழையத் தேவையான கட்டுரைகளும் அனுபவமும் ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த ஆயத்தத்துக்கு வழிகாட்டல் உதவும்.

மலாக்காவில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் பணியிலிருக்கும் மூத்த விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஓர் இளம் கல்வியாளரைத் தேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதைப் படிக்க ஒப்புக்கொண்டால் போதும். நம் சங்கங்கள் மாலையோடும் பொன்னாடையோடும் நிறுத்திக்கொள்ளாமல், அந்த இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கலாம். குடும்பத்தாரும் தங்கள் பங்கைச் செய்யலாம்: வார இறுதியில் பிள்ளை அறைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால், அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். இளம் விரிவுரையாளர்களுக்கும் ஒன்று: யாராவது அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் மதிக்கும் ஒரு மூத்தவருக்கு இந்த வாரமே எழுதி, உங்கள் கட்டுரையின் வரைவை இணைத்து, அரை மணி நேரம் கேளுங்கள்.