மண்ணுக்கும் ஈரம் வேண்டும்!



வைகாசியில் காஞ்சி வரதராஜப் பெருமாள் தேர் அசைந்து வரும் அழகைப் பார்த்திருப்பீர்கள். தேரோடும் வீதியில் தலைக்கு மேலே மின்கம்பி இருப்பது ஆபத்து. 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சாவூர் அருகே களிமேட்டில், தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தார்கள். கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டு செல்வதே நல்லது. ஆனால், புதைத்ததோடு வேலை முடிந்துவிடாது.

மின்சாரம் ஓடும்போது கேபிள் சூடாகும். அந்தச் சூட்டை மண்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடான பால் டம்ளரைத் தண்ணீரில் வைத்தால் சீக்கிரம் ஆறும். உமிக்குள் புதைத்தால் ஆறாது. ஈரமண்ணும் காய்ந்த மண்ணும் அப்படித்தான். காய்ந்த மண்ணின் இடுக்குகளில் காற்று புகுந்துகொள்ளும். சூடு எளிதில் வெளியேறாது. சூட்டில் மண் மேலும் காயும். கேபிள் மேலும் சூடாகும். கடைசியில் அதன் உறையே கெட்டுவிடும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், 1998-இன் வறண்ட கோடையில், நான்கு முக்கியக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. நகரின் மையப்பகுதி ஐந்து வாரம் தவித்தது. மண் எதிர்பார்த்த அளவு சூட்டைக் கடத்தாததும் ஒரு காரணம்.

அதனால்தான் பொறியாளர்கள், காய்ந்தாலும் சூட்டைக் கடத்தக்கூடிய மணல் கலவையைக் கேபிளைச் சுற்றிக் கெட்டித்து நிரப்புகிறார்கள். மர வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும். எனவே, தெருவில் மரக்கன்று நடும் முன் அங்கே கேபிள் போகிறதா என்று பெரியவர்கள் மூலம் மின்வாரியத்தில் கேளுங்கள்.

கோடையில் மண்ணும் காய்கிறது. மின்சாரத் தேவையும் ஏறுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால், கேபிளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு! ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். மண்ணுக்கடியில் இருக்கும் கேபிளுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.