காபன் வர்த்தகமும் வறிய நாடுகளின் அபிவிருத்தியும்

வளர்முக நாடுகளில் மேற்கொள்ளப்படும் காபன் வெளியேற்றக் குறைப்புகளைச் சான்றிதழ்களாக வாங்கிக் கைத்தொழில் நாடுகள் தமது கணக்கில் சேர்த்துக்கொள்ள, 1997 ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை வழிவகுத்தது. விற்கும் நாடுகளின் நிலைபேறான அபிவிருத்திக்கு உதவுவதும் அதன் நோக்கமெனக் கூறப்பட்டது.

நடந்ததென்ன? குளிரூட்டி வாயு உற்பத்தியின்போது உருவாகும் எச்.எப்.சி.-23 வாயுவின் ஒரு தொன், காபனீரொட்சைட்டின் 11,700 தொன்னுக்குச் சமமெனக் கணிக்கப்பட்டது. அதனைச் சிறு செலவில் அழித்த சீன, இந்தியத் தொழிற்சாலைகள் பெருவருமானம் ஈட்டின. வாயுவை எரிப்பதால் எந்தக் கிராமத்துக்கும் மின்சாரம் கிடைத்துவிடாது. இத்தகைய சான்றிதழ்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் தனது சந்தையில் தடைசெய்தது.

மலிவான தொன்னைத் தேடுவதே சந்தையின் இயல்பு. வறியவரின் வாழ்வை அது தானாகத் தேடிச் செல்வதில்லை. பாரிஸ் உடன்படிக்கையின் கீழான புதிய சந்தைக்குரிய விதிகள் குறித்து 2024 இல் பாகு மாநாட்டில் இணக்கம் காணப்பட்டது. இனியேனும் மக்களுக்குக் கிட்டும் பயனையும் அளந்த பின்னரே சான்றிதழ்கள் வழங்கப்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.