கழற்றுவதற்கும் தேதி குறியுங்கள்

மணப்பெண் அலங்காரம் பேச வருகிறவர்கள் இப்போது மெகந்தியைப் போலவே நீளமான செயற்கை நகமும் கேட்கிறார்கள். திருநெல்வேலியில் என் பார்லரிலும் ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய நாட்களில் இந்த வேலைதான் அதிகம். ஒட்டிவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. கழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பெண்ணை அனுப்பிவிடும் எங்கள் தொழிலின் வழக்கம்தான் தவறு.

மறுவீடு முடிந்து, பாத்திரம் துலக்கி மாவு பிசையத் தொடங்கியதும் நகம் ஓரத்தில் தூக்கும். பல்லால் கடித்துப் பிய்ப்பார்கள். சொந்த நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவிடும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதுவரை புளி கரைத்தால்கூட எரியும் என்று எத்தனையோ பெண்கள் என்னிடம் விரலை நீட்டியிருக்கிறார்கள்.

தூக்கிய நகத்தைப் பசை வைத்து மறுபடி அழுத்துவது இன்னும் மோசம். இடுக்கில் ஈரம் தங்கி, பாக்டீரியா வளர்ந்து, நகம் பச்சையாகும். அதை மறைக்க பாலிஷ் கேட்டால் நான் போடுவதில்லை. தோல் மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

டிப், அக்ரிலிக் நகங்களைக் கழற்றப் பொறுமை வேண்டும். குட்டையாக வெட்டி, மேல் பளபளப்பை ஃபைலால் தேய்த்து, சுற்றுத் தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்ற வேண்டும். 15, 20 நிமிடத்தில் இளகிவிடும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் ஊற வேண்டும், நெம்பவே கூடாது. பிறகு தேங்காய் எண்ணெய். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஜெல்லில் சில வகை அசிட்டோனுக்கு இளகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும்.

மணப்பெண் செவிலியர் என்றால் பணிக்குத் திரும்புமுன் கழற்றியே ஆக வேண்டும். நோயாளிகளை நேரடியாகத் தொடுவோர் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது.

கழற்றும் கூலியைச் சேர்த்தே பார்லர்கள் விலை சொல்ல வேண்டும். ஒட்டும் அன்றே, இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தேதியும் குறித்துத் தர வேண்டும். புகுந்த வீடு வெளியூர் என்றால், எந்த வகை நகம், எந்தப் பசை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அங்குள்ள பார்லரில் காட்டினால் போதும். முன்பணம் கொடுக்கும்போதே இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்.